போன் வயர் போன வழி

எங்கள் வீட்டு ஹாலில், டிவி மேசைக்கு மேலே, சுவரோடு சுவராக ஒரு சின்னச் சதுர மூடி இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போனதில் நாலைந்து நிறம் ஏறி, அது ஒரு மூடி என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. இந்த வருடம் ஜூன் மாதம் பிளேடால் ஓரத்தைக் கீறித் திறந்தேன். உள்ளே முக்கால் இன்ச் பைப்பின் வாய். அதிலிருந்து பழைய போன் வயர் இரண்டு விரற்கடை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

வீடு சென்னை வில்லிவாக்கத்தில். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1988-ல் கடன் வாங்கிக் கீழ்த்தளம் மட்டும் கட்டினார். மாடி எழும்ப இன்னும் ஐந்து வருடம் ஆனது. கீழ்த்தளக் கூரைக்குக் கான்கிரீட் போடுகிற அன்று, கம்பி கட்டி முடித்த பிறகு, "ஒரு பைப் மட்டும் தனியா மாடிக்கு விட்டு வை" என்று மேஸ்திரியிடம் சொன்னவர் அப்பா. அப்போது எங்களிடம் போன் கிடையாது. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். 1995-ல்தான் லைன் வந்தது. ஆக, ஏழு வருடம் அந்த பைப் காலியாகவே சுவருக்குள் இருந்திருக்கிறது.

இப்போது அந்த மூடியைத் திறக்க வேண்டி வந்தது என் மனைவியின் வேலையால். அவள் மெடிக்கல் கோடிங் செய்கிறாள். ஆஸ்பத்திரி ரெக்கார்டைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போடுகிற வேலை. ரெக்கார்ட் எதுவும் அவள் லேப்டாப்பில் இருக்காது. எங்கோ இருக்கிற சர்வரில் வேலை நடக்கும், இங்கே திரை மட்டும் தெரியும். நெட் ஒரு சில நொடி நின்றால் போதும், அந்தத் திரை வெளியே தள்ளிவிடும். மறுபடி பாஸ்வேர்ட், மறுபடி ஓ.டி.பி., விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பது. ஒரு நாளைக்கு இத்தனை ரெக்கார்ட் முடிக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு உண்டு. ஏழு முறை வெளியே தள்ளப்பட்ட நாளில் அவள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

ஃபைபர் இணைப்பு தெருக் கம்பத்திலிருந்து முன்பக்க ஹாலுக்கு வருகிறது. 200 மெகாபிட் திட்டம். ஹாலில் சோதித்தால் 190-க்குக் குறையாது. அவள் உட்காரும் இடமோ மாடியின் பின்பக்க அறை. அங்கே 12 வரும், சில நேரம் 3 வரும், சில நேரம் ஒன்றுமே வராது. கடலுக்கடியில் கேபிளில் கடந்து, கரையேறி, நகரம் முழுக்கக் கண்ணாடி இழைக்குள் ஓடி, எங்கள் வாசல் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிற ஒன்று, கடைசிப் பதினாறு மீட்டரில் தடுமாறி விழுந்துகொண்டிருந்தது.

காரணம் எங்கள் வீடு கட்டப்பட்ட விதம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு. நடுவில் கம்பி பின்னிய கான்கிரீட் தளம். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படி ஒரு சுவரைத் தாண்டும்போதே பாதி உயிர் போய்விடும். தளத்தையும் தாண்ட வேண்டும் என்றால் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதைவிட நன்றாக ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடு ஒன்று மோதாத சானல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. மாடியில் நின்று போனைத் திறந்தால் இருபதுக்கும் மேற்பட்ட வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். அத்தனை பேரும் அந்த மூன்று சானலுக்குள்தான் முறை வைத்துப் பேசியாக வேண்டும். ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அதுதான் வைஃபையின் விதி. கேபிளில் அந்தக் காத்திருப்பு கிடையாது.

முதலில் ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி மாடிப்படியில் மாட்டினேன். போனில் கோடு முழுசாகக் காட்டியது, வேலை அதே மாதிரி அறுந்தது. ஒரே ரேடியோவால் ஒரு பக்கம் கேட்டு அதையே மறுபக்கம் திருப்பிச் சொல்லும் கருவி அது. வேகம் பாதியாவது இயல்பு. பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை பரப்புகிற மெஷ் வாங்கலாம் என்றார்கள். அதையும் யோசித்தேன். ஆனால் மெஷ் பெட்டிகளுக்கு நடுவிலும் ஒரு கேபிள் இருந்தால்தான் அவை முழு பலத்தோடு ஓடும் என்று தெரிந்தபோது, சரி, கேபிளே இழுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டு வயரிங் வேலைக்குப் பல வருடமாக வருகிற எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஹாலையும் மாடியையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எதுக்குத் தம்பி கஷ்டம்? கரண்ட் பைப்லயே இடம் இருக்கு. கூடவே விட்டுடலாம், ஒரு மணி நேர வேலை" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இதைப் பல வீடுகளில் செய்கிறார்கள், வேலையும் செய்யும். ஆனால் செய்யவே கூடாது. கரண்ட் பைப்புக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. நெட் கேபிளின் உறை அந்த வோல்டேஜைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது கிடையாது. பைப்புக்குள் இருபது, முப்பது வருடப் பழைய கரண்ட் வயர் சூடாகி உறை உருகி இதன் மேல் ஒட்டினால், அந்தக் கரண்ட் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் போகும், அதைத் தொடுகிற கைக்கும் போகும். இது தவிர, ஏசி மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் கரண்ட் வயரில் எழும் மின் இரைச்சல் பக்கத்திலேயே நீளமாகப் போகிற டேட்டா கேபிளைப் பாதிக்கும். இரண்டும் இணையாகப் போக வேண்டி வந்தால் நடுவில் இடைவெளி விட வேண்டும். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் கூட்டல் குறி போல நேர் செங்குத்தாகக் கடக்க வேண்டும். அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அப்ப சுவத்துல காடி வெட்டணும், பூச்சு, பெயிண்ட், எல்லாம் இருக்கு" என்றார்.

அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்காமலே, "போன் பைப் இருக்கேடா" என்றார்.

எழுந்து வந்து சுவரில் கை வைத்துக் காட்டினார். இங்கே ஏறும், மேலே தளத்தில் வலதுபக்கம் திரும்பும், நேராகப் போய் மாடிப்படி முடிகிற இடத்தில் மேலே வரும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வரைபடமும் கிடையாது. அவர் உள்ளங்கை சுவரில் நகர்ந்த பாதையும், பின்னால் நாங்கள் கண்டுபிடித்த பாதையும் ஒன்றாகவே இருந்தன. மாடிப்படி முடிகிற இடத்தில் அம்மா தொங்கவிட்டிருந்த காலண்டரை எடுத்தோம். பின்னால் மூடி உடைந்துபோன ஒரு பெட்டி, அதில் பைப்பின் மறுமுனை.

கேபிள் வாங்க, எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நானே போனேன். வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து நடந்தேன். அந்தச் சந்தில் கேட்-6 (நெட் கேபிளில் ஒரு தரம்) என்று கேட்டால் முதல் கேள்வியே "காப்பரா, சி.சி.ஏ.வா?" என்றுதான் வரும். சி.சி.ஏ. என்றால் உள்ளே அலுமினியம், மேலே மெல்லிசாகச் செம்பு முலாம். விலை ரொம்பக் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உறையில் இரண்டிலுமே கேட்-6 என்று அச்சடித்திருப்பார்கள். ஆனால் கேட்-6 என்ற தர அளவே முழுச் செம்புக் கம்பிக்கு உரியது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும், கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கிற அமைப்பில் சூடேறும். சுவருக்குள் ஒருமுறை போட்டு மூடப்போகிற கேபிளில் இந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்ட வேண்டும். உள்ளேயும் செம்பு நிறமே வந்தால் நல்லது. வெள்ளியாக மின்னினால் அலுமினியம். கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கனம். கடைக்காரர் நான் சுரண்டுவதைப் பார்த்துக் கோபப்படவில்லை. "தாராளமா பாருங்க சார்" என்று அவரே இன்னொரு முனையை வெட்டிக் கொடுத்தார். முழுப் பெட்டி 305 மீட்டர். எனக்கு எதற்கு அவ்வளவு? 25 மீட்டர் அளந்து வாங்கினேன். உறையின் மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் எண் அச்சாகியிருக்கும், அதனால் அளவில் தகராறு வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுக்க ஆரம்பித்தோம். திட்டம் எளிமையானது. பழைய போன் வயரின் கீழ்முனையில் புதுக் கேபிளைக் கட்டி, இன்சுலேஷன் டேப்பை வழவழப்பாகச் சுற்றி, மேலிருந்து போன் வயரை இழுத்தால் கேபிளும் கூடவே ஏறி வரும். கேபிள் மேல் கொஞ்சம் டால்கம் பவுடர் பூசினோம். இழுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. சுமார் 11 கிலோ எடைக்கு மேல் இழுவை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் உள்ளே முறுக்கு கலையும். வளைவு, கேபிளின் தடிமனைப் போல நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறையக் கூடாது. கேட்-6-க்கு அது சுமார் ஒரு அங்குலம். அப்பா சட்டென்று திரும்பும் எல்போ போடாமல், மெதுவாக வளையும் நீள பெண்ட் போட்டிருந்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்பது இழுத்தவர்களுக்குத் தெரியும்.

வயர் இரண்டு விரல் நீளம் வந்தது. நின்றது. அண்ணன் இன்னும் கொஞ்சம் இழுத்தார். பட்டென்று அறுந்தது.

கையில் வந்தது ஒரு சாண் துண்டு. அதன் முனையில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. சிமெண்ட் கிடையாது, களிமண். அண்ணன் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "குளவி" என்றார். பெட்டியின் மூடி உடைந்து கிடந்த வருடங்களில், பைப்புக்குள் ஒரு சாண் தள்ளிக் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. போன் வயரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டியிருக்கிறது. வயர் அந்த மண்ணில் பிடித்துக்கொண்டுதான் அறுந்திருந்தது.

வயர் இழுக்கிற ஸ்பிரிங்கை விட்டுக் குத்தினோம். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கூடு காலி, பழையது. மீதி வயரைக் கீழிருந்து இழுத்தால் அலுங்காமல் வந்துவிட்டது. பைப் சுத்தம். ஆனால் வழிகாட்டி வயரும் போயிற்று. ஸ்பிரிங் தளத்துக்குள் இருக்கும் இரண்டாவது பெண்டில் போய் நின்றது, எப்படித் திருப்பினாலும் தாண்டவில்லை.

அப்போதுதான் வாக்குவம் கிளீனரை இறக்கினேன். தையல் நூல் முனையில் பாலிதீன் பையின் ஒரு சின்னத் துண்டைக் குடைபோலக் கட்டிக் கீழே பைப் வாயில் வைத்தேன். மேலே அண்ணன் வாக்குவம் குழாயைப் பைப் வாயோடு சேர்த்து, ஓரத்தை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டதும் நூல்கண்டு என் கையில் சரசரவென்று சுழல ஆரம்பித்தது. எட்டு மீட்டரும் இரண்டு மூச்சு நேரத்துக்குள் போய்விட்டது. மேலிருந்து "வந்துடுச்சு" என்று குரல் கேட்டதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து படி ஏறினார். மூட்டுவலி காரணமாக அவர் மாடிக்கு ஏறி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நூலில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்தோம், கயிற்றில் கேபிளைக் கட்டி இழுத்தோம். நீல உறை பைப் வாயில் தலை காட்டியபோது அவர்தான் அதைப் பிடித்து வெளியே எடுத்தார்.

மாடிப்படி முடிகிற இடத்திலிருந்து பின் அறைக்கு பைப் இல்லை. அங்கே மேற்கூரையை ஒட்டி கேசிங் பட்டி அடித்துக் கொண்டுபோனோம். அறைச் சுவரில் மட்டும் ஒரு துளை. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஓரடி நீள பிட் வேண்டும், அண்ணனிடம் இருந்தது. சேம்பர் செங்கல்லின் சிவப்புப் பொடி அறை முழுக்கப் படிந்தது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு முனையிலும் சுவர் ஜாக் மாட்டும் வேலையை நானே செய்தேன். உறையை உரித்தால் நான்கு ஜோடிக் கம்பிகள். ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் முறுக்கியிருக்கும், ஒவ்வொன்றின் முறுக்கும் வேறு வேறு நெருக்கத்தில் இருக்கும். இந்த முறுக்கும் போனிலிருந்து வந்ததுதான். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் தானாகக் கழிந்துவிடும். அதனால்தான் ஜாக்கில் அமுக்கும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்கிறார்கள்.

நிற வரிசையை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ஏன் பச்சை ஜோடி மட்டும் பிரிந்து, நடுவில் நீலத்துக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. விடை போன்தான். போன் பிளக்கில் லைன் நடு இரண்டு முனைகளில் வரும். அதே சுவர் ஜாக்கில் போனைச் செருகினாலும் பேச முடிய வேண்டும் என்பதற்காக நான்காவது, ஐந்தாவது முனைகளை நீல ஜோடிக்குக் கொடுத்தார்கள். 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், கேபிளால் கணினிகளை இணைக்கும் முறையான ஈத்தர்நெட்டை முன்வைத்தபோது அது ஒற்றைத் தடிமனான கேபிளில் ஓடியது. கட்டடங்களில் ஏற்கனவே பழக்கமாயிருந்த போன் வயரின் வடிவத்துக்கு அது பின்னால்தான் மாறியது. எங்கள் வீட்டில் அது போனின் பைப்பிலேயே வந்து இறங்கியிருக்கிறது.

எல்லாம் மாட்டி, லேப்டாப்பைச் செருகினேன். இணைப்பு வந்தது. வேகம் 94. ஹாலில் 190 வருகிற இடத்தில் 94.

எண்ணே நோயைச் சொல்லிவிட்டது. 100 மெகாபிட் ஈத்தர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6. 1999-ல் வந்த கிகாபிட் (1000 மெகாபிட்) முறைக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 1, 2, 3, 6 சரியாக இருந்து மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனால், இரண்டு பக்கக் கருவிகளும் பேசிப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் 100-க்கு இறங்கிக்கொள்ளும், ஒரு எச்சரிக்கையும் வராது. எத்தனை வீட்டில் இப்படி 94-லேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்குமோ! கேபிள் டெஸ்டரை இரண்டு முனையிலும் மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கு வரிசையாக எரிந்து, ஏழாவது எரியாமல் எட்டுக்குத் தாவியது. ஏழு என்றால் வெள்ளை பிரவுன். மாடி ஜாக்கைக் கழற்றிப் பார்த்தால் அந்த ஒரு கம்பி பள்ளத்தில் முழுசாக இறங்காமல் மேலே நின்றிருந்தது. டூலை வைத்து ஓங்கி ஒரு அமுக்கு. டக் என்ற சத்தம் கேட்டது. மறுபடி சோதித்தேன்: 193.

அன்று இரவு அவள் ஷிஃப்ட் முடியும் வரை நான் கீழே தூங்காமல் இருந்தேன். காலையில் கேட்டதற்கு, "ஒரு தடவைகூடப் போகலைங்க" என்றாள். இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. ஃபைபரே அறுந்தால் இந்தக் கேபிள் ஒன்றும் செய்யாது. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் கரண்டும் நெட்டும் போய் எத்தனை பேர் தவித்தார்கள் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் சாதாரண மழைக்காலக் கரண்ட் கட்டுக்கு இது நன்றாகத் தாங்குகிறது. நடுவில் எக்ஸ்டெண்டரோ வேறு பெட்டியோ இல்லாததால், ஹாலில் ரவுட்டருக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைன் கொடுத்தால் போதும். லேப்டாப்பில் அதன் பேட்டரி இருக்கிறது.

அறுந்து வந்த போன் வயரை அப்பா சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, தன் டூல்ஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். 2001-ல் கல்லூரி முதல் வருடத்தில் அந்த வயர் வழியாகத்தான் நான் முதன்முதலில் வீட்டில் இணையம் பார்த்தேன். அதிகபட்சம் 56 கிலோபிட். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மோடத்தின் கீச்சுச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அதன் மேல் தலையணை வைத்துக் கனெக்ட் செய்வேன். மறுநாள் காலை, "நைட்டு பூரா லைன் எங்கேஜ்டாவே இருந்துச்சுன்னு சித்தப்பா சொல்றான்" என்று அப்பா கேட்பார். இப்போது அதே பைப்பில் இருக்கிற கேபிள், கிகாபிட் கணக்கில், அதைப் போலக் கிட்டத்தட்ட 18,000 மடங்கு சுமக்கும்.

கேபிளோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றையும் பைப்புக்குள் விட்டு வைத்திருக்கிறேன், இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு. முக்கால் இன்ச்சில் இன்னொரு கேட்-6 தாராளமாகப் போகும். மாடிப் பெட்டிக்குப் புது மூடி போட்டு, பைப் வாயைப் பஞ்சால் அடைத்தாயிற்று. பைப் போகும் பாதையை அப்பாவிடம் கேட்டுக் கேட்டு, டேப் பிடித்து அளந்து, ஒரு தாளில் வரைந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். அப்புறம் பேனாவை வாங்கி, நான் ஒன்றரை அடி என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, ஒன்றே முக்கால் என்று திருத்தினார்.